உட்கார ஓர் இடம்: இயற்கைப் பொருள்களும் வெளிச்சமும் கொண்டு வீட்டில் தியான மூலை அமைப்பது எப்படி?

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்றொரு இயற்கைக் குகைத்தளம் இருக்கிறது. பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்து ஏற வேண்டும் என்பதால் அந்தப் பெயர். உள்ளே சமணத் துறவிகளுக்காக வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் கல் தலையணைகளுடன். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் இத்தகைய தளங்கள் பல உண்டு. அவற்றில் பலவற்றின் முகப்பில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி பாறையில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். உளி பட்டது பெரும்பாலும் அவ்வளவுதான். நிழல், காற்று, ஊர்ச் சத்தம் குறைந்த உயரம் ஆகியவை எல்லாம் இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே கிடைத்துவிட்டன.

இன்று நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கடைக்குப் போகிறோம். புத்தர் தலை, மின்சார நீரூற்று, வாசனை மெழுகுவத்தி, கூழாங்கல் தட்டு என்று வாங்கி வந்து, அவற்றை வைக்க இடம் தேடுகிறோம். வைத்த பிறகுதான் தெரிகிறது, காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது என்று. இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது: முதலில் வெளிச்சம், பிறகு சுவர், பிறகு தரை, கடைசியில்தான் பொருள். தமிழ்நாட்டுச் சமவெளியில், சாதாரண அடுக்குமாடி வீட்டில் அல்லது தனிவீட்டில், ஆறடிக்கு ஆறடி இடத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் படி: எந்த மூலை?

ஒருவர் சம்மணமிட்டு உட்கார நான்கடிக்கு நான்கடி போதும். ஆறடிக்கு ஆறடி இருந்தால் முன்னால் கொஞ்சம் வெறுந்தரை கிடைக்கும். அந்த வெறுமை வேண்டும். தனி அறை தேவையில்லை. வீட்டில் யாரும் குறுக்கே கடந்து போகாத இடம் என்பதுதான் முதல் நிபந்தனை. சமையலறைக்கும் கூடத்திற்கும் நடுவே எவ்வளவு அழகான மூலை இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

நீங்கள் வழக்கமாக எந்த நேரத்தில் உட்காருவீர்களோ அதே நேரத்தில், இரண்டு மூன்று இடங்களில் ஒரு பாயை விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு மேல்மாடிக் குளியலறைக் குழாயில் நீர் இறங்கும் ஓசை எந்தச் சுவருக்குள் கேட்கிறது, எந்தப் பக்கம் தாளிக்கும் நெடி வருகிறது, தண்ணீர் மோட்டார் எங்கே உறுமுகிறது என்பதெல்லாம் வீட்டு வரைபடத்தில் இருக்காது. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் நல்லது. கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், யாராவது வருகிறார்களா என்ற எண்ணம் பலருக்குக் கடைசி வரை போவதில்லை.

மேல்தளத்து வீடானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, சூரியன் மறைந்த பிறகும் சில மணி நேரம் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரும் அப்படியே. மாலையில் உட்காருபவர்கள் மேல்தளத்து மேற்கு அறையைத் தவிர்ப்பது நல்லது. அதே அறை விடியற்காலையில் வீட்டிலேயே குளிர்ந்த அறையாக இருக்கக்கூடும்.

வாஸ்து பார்ப்பவர்கள் ஈசானிய மூலை என்பார்கள். வடகிழக்கு மூலைக்குக் காலை வெளிச்சம் வரும், பிற்பகல் வெயில் பெரும்பாலும் வராது. நம் நாட்டு வெயிலுக்கு அது பொருத்தமான யோசனைதான். ஆனால் உங்கள் அடுக்குமாடியில் அந்த மூலையில் பக்கத்துக் கட்டடம் நான்கடி தள்ளி நின்று வெளிச்சத்தை மறைத்தால், திசையின் பெயர் மட்டும் எதுவும் தராது.

இரண்டாம் படி: சூரியனைப் படியுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். செலவு ஒரு சாக்பீஸ் மட்டும்.

தேர்ந்தெடுத்த இடத்தில், நேர் வெயில் தரையிலோ சுவரிலோ விழும் விளிம்பை அரை மணிக்கு ஒரு முறை கோடிட்டு, நேரத்தை எழுதுங்கள். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் விழும் ஒளிக்கட்டம், அரை மணி நேரத்தில் ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக நகரும். உட்காரும்போது தோளில் இருந்த வெயில் எழுவதற்குள் முகத்துக்கு வந்துவிடுவது இதனால்தான். ஒரு மாதம் கழித்து அதே கோடுகளை மறுபடி சரிபாருங்கள், கோடு நகர்ந்திருக்கும்.

எவ்வளவு நகரும்? சென்னையில் ஜூன் மாதம் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கிறது. ஆண்டுக்குள் உதயப் புள்ளி கிட்டத்தட்ட 48 பாகை ஊசலாடுகிறது. டிசம்பரில் பார்த்து அமைத்த கிழக்கு ஜன்னல் மூலை ஜூனில் வேறு அறைபோல இருக்கும்.

வெளிநாட்டு அலங்காரக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இடறும் இடம் வடக்கு ஜன்னல். “வடக்கிலிருந்து நேர் வெயில் வராது, சீரான ஒளி மட்டுமே வரும்” என்பது ஐரோப்பாவுக்குச் சரி. நமக்குச் சரியில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு நண்பகலில் தலைக்கு வடக்கே சாய்கிறது; ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுபடி உச்சிக்கு வந்த பிறகுதான் தெற்கே போகிறது. மார்ச் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் பிற்பாதி வரை உதயமும் அத்தமனமும் வடக்குப் பக்கம் சாய்ந்தே நடக்கின்றன. ஆகவே கோடையில் வடக்கு ஜன்னலுக்கும் காலை, மாலை வெயில் சாய்வாக உண்டு. இருந்தாலும் பெரும்பாலான மாதங்களில் வடக்குதான் கண்ணுக்கு இதமான திசை.

தெற்கு ஜன்னல் பலர் நினைப்பதைவிட நல்லது. கோடை நண்பகலில் வெயில் அதன் வழியே வராது. குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயிலுக்கு இரண்டடி சன்ஷேடு ஓரளவு தடை. கிழக்கு ஜன்னல் அழகானது, ஆனால் உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒளி கிடையாக வந்து தாக்கும். சன்ஷேடு எதையும் தடுக்காது. மேற்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அது விரோதி.

கண்ணை மூடிக்கொண்டால் வெளிச்சம் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். வெயிலைப் பார்த்து முகத்தை வைத்துக் கண்ணை மூடுங்கள். இமைக்குள் சிவப்பாக எரியும். மேகம் கடந்தால் அது இருளும். ஒவ்வொரு மாற்றமும் கவனத்தை வெளியே இழுக்கும். கண்ணைப் பாதி திறந்து சுவரைப் பார்த்து அமரும் ஜென் முறைக்காரர்களுக்கு எதிர்ச்சுவரின் ஒளிதான் முக்கியம். விளக்குச் சுடரைப் பார்க்கும் திராடகம் பழகுபவர்களுக்கு அறை இருட்டாக இருக்க வேண்டும். உங்கள் பயிற்சி எது என்பதை முடிவு செய்த பிறகுதான் வெளிச்சத்தின் அளவை முடிவு செய்ய முடியும்.

பொதுவாக நான் சொல்லும் கணக்கு இது: உட்காரும் இடத்தில் செய்தித்தாளைப் பிடித்தால் தலைப்பு எளிதாகப் படிக்க வர வேண்டும், சிறு எழுத்துக்குக் கண்ணைச் சற்றே சுருக்க வேண்டும். அதைவிட இருட்டானால் விடியற்காலையில் தூக்கம் வரும். தூக்கம் உங்கள் தீராத சிக்கல் என்றால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விடுங்கள்.

மூன்றாம் படி: வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்புங்கள்

ஆரோவில் மாத்ரி மந்திரின் உள் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்சலவைக்கல் சுவர்கள், நடுவே 70 செ.மீ. விட்டமுள்ள ஒரு படிகக் கோளம். கூரையில் உள்ள கருவி சூரியனைப் பின்தொடர்ந்து ஒரே ஒரு கதிரை அந்தக் கோளத்தின்மேல் செங்குத்தாக இறக்குகிறது. 1971இல் அடிக்கல் நாட்டி 2008இல் நிறைவடைந்த கட்டடம் அது. அந்தக் கருவியை நாம் வீட்டில் வைக்கப் போவதில்லை. ஆனால் அதிலுள்ள முறையை எடுத்துக்கொள்ளலாம்: நேர் ஒளி மனிதர்மேல் விழுவதில்லை, ஒரு பொருளின்மேல் விழுந்து, அங்கிருந்து மிச்சம்தான் மனிதருக்கு வருகிறது.

வீட்டில் அந்தப் பொருள் ஒரு சுவர். ஜன்னல் உங்கள் வலப்புறமோ இடப்புறமோ வரும்படி உட்காருங்கள். ஒளி உங்களைக் கடந்து எதிர்ப்பக்கச் சுவரில் பட்டுத் திரும்பட்டும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் உங்கள் நிழலே உங்கள் முன்னால் கிடக்கும்.

கூச்சம் ஒளி மிகுந்திருப்பதால் மட்டும் வருவதில்லை; பளிச்சென்ற ஜன்னலுக்கும் அதைச் சுற்றிய இருண்ட சுவருக்கும் உள்ள வேறுபாட்டால்தான் பெரும்பாலும் வருகிறது. கனத்த சுவருள்ள பழைய வீடுகளில் ஜன்னலின் உள் ஓரங்களைச் சாய்வாக வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். அந்தச் சாய்வு ஒளியை வாங்கி, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே ஒரு படியை உண்டாக்குகிறது. புதுச்சுவரில் அதைச் செய்ய முடியாவிட்டால், ஜன்னலின் உள் ஓரங்களுக்கு மட்டுமாவது வெள்ளை அடியுங்கள். செலவுக்கு இதைவிடப் பலன் தரும் வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி வடிகட்டுவது. மூங்கில் தட்டி மலிவு, எந்த நகரத்திலும் கிடைக்கும், சுருட்டி ஏற்றலாம். அதைக் கம்பிக்கு வெளிப்புறம் தொங்கவிட்டால் வெயிலின் சூடும் வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே கட்டினால் ஒளி குறையும், சூடு வந்துவிடும். தட்டியின் கீற்று நிழல் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு உறுத்தும். உறுத்தினால் உட்புறம் காடா துணியில் ஒரு திரை போடுங்கள். வெளுக்காத பருத்தியின் மங்கிய மஞ்சள், உள்ளே வரும் ஒளிக்கும் அதே நிறத்தைக் கொடுக்கும். நீலத் திரையும் பச்சைத் திரையும் வேண்டாம்; முகம் நோயாளியின் முகம்போல் தெரியும்.

பால்கனிக் கதவைப் போலத் தரை வரை கண்ணாடி உள்ள இடங்களில் ஓர் எளிய கணக்கு உதவும். தரையில் உட்காரும் பெரியவரின் கண் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். நம் வீடுகளில் ஜன்னலின் அடிமட்டம் வழக்கமாக மூன்றடி உயரம். அதனால்தான் சாதாரண ஜன்னலருகே தரையில் அமர்ந்தால் தெரு மறைந்து வானமும் மரக்கிளையும் மட்டும் தெரிகின்றன. தரை வரை கண்ணாடியுள்ள இடத்திலும் கீழ் மூன்றடியைக் கோரைப்பாயாலோ தட்டியாலோ மறைத்துவிட்டால் அதே பலன்.

வீடு கட்டுகிறவர்களுக்குச் செங்கல் சல்லடைச் சுவர் ஒரு நல்ல வழி. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதைப் பல கட்டடங்களில் பயன்படுத்தினார்: செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினால், ஒரே சுவர் காற்றையும் துண்டு துண்டான ஒளியையும் தருகிறது, ஜன்னல் செலவும் குறைகிறது. இடர் இரண்டு: தூசியும் கொசுவும். உட்புறம் கழற்றித் துடைக்கக்கூடிய வலைச்சட்டம் வைக்காமல் இதைக் கட்டாதீர்கள். ஒளிப்புள்ளிகள் முகத்தில் விழாதபடி பக்கச் சுவரில் அமையுங்கள்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு வேலை எளிது. ஓர் ஓட்டை எடுத்துவிட்டு அதே அளவுக் கண்ணாடி ஓட்டைப் பொருத்தினால் போதும். உட்காரும் இடத்துக்கு நேர்மேலே வேண்டாம். எதிர்ச்சுவருக்கு ஒரு முழம் இப்பால் வையுங்கள், ஒளி சுவரில் வழிந்து இறங்கும். கான்கிரீட் கூரையை உடைத்து மேல் ஜன்னல் வைக்கும் ஆசை வந்தால் அதை அடக்குங்கள். உச்சி வெயில் அடிக்கும் நாட்டில் அது அடுப்பாகும், மழையில் ஒழுகும், கூரைக் கம்பியை வெட்டுவது கட்டடத்துக்கே ஆபத்து.

நான்காம் படி: சுவர்

ஒளியைத் திருப்பும் சுவர் பளபளக்கக் கூடாது. பளபளப்பு வண்ணம் ஜன்னலைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். சுண்ணாம்பு பூசிய சுவர் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும். அதன் நுண்ணிய மேடுபள்ளங்களில் ஒளி தங்கி நிற்கும். காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் பிடிக்காது, ஈரத்தை வாங்கி விடவும் செய்யும்.

சுண்ணாம்பு அடிக்கும் முறையை இப்போது பல பெயின்டர்கள் மறந்துவிட்டார்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ வாங்கி, மண் தொட்டியிலோ இரும்பு டிரம்மிலோ நீர் நிரப்பி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். அது கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு, எனவே கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீர் மூடியபடி சில நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரையுங்கள். ஒட்டுவதற்கு வஜ்ஜிரப் பசை (தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தும் பசை) சேர்ப்பது பழைய வழக்கம். வெண்மை தூக்கலாகத் தெரிய நீலம் கலப்பார்கள். தியான மூலைக்கு அது வேண்டாம். பதிலாக ஒரு சிட்டிகை மஞ்சள் காவி கலந்தால் சுவர் காலை வெளிச்சத்தில் பாலாடை நிறம் கொள்ளும்.

சுவரை முதலில் நீர் தெளித்து நனைக்க வேண்டும். நார் மட்டையால் மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய இடைவெளி விட்டு, மூன்று முறை. பூசும்போது ஒன்றுமே தெரியாது. காயக் காய வெளுக்கும். அதனால் முதல் பூச்சிலேயே கனமாக அடிக்கத் தோன்றும். அப்படி அடித்தால் உரிந்து விழும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். அவ்வளவு பாடு வேண்டாம் என்றால் பளபளப்பில்லாத எமல்ஷனை மங்கிய வெள்ளையில் அடியுங்கள். வாடகை வீடென்றால் எதிர்ச்சுவரில் கூரையிலிருந்து தரை வரை காடா துணியைத் தொங்கவிடுங்கள். எதிரொலியும் கொஞ்சம் குறையும்.

சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். முதுகு படும் உயரத்துக்கு ஒரு கோரைப்பாயை ஆணியில் மாட்டிவிட்டால் தீர்ந்தது.

ஐந்தாம் படி: தரையும் இருக்கையும்

இன்றைய வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரை ஒளியைக் கண்ணுக்குள் திருப்பி அடிக்கும். அதை உடைக்கத் தேவையில்லை, மூடினால் போதும். கீழே பவானி ஜமக்காளம், மேலே பாய். ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகள் அழுத்தமான நிறங்களில் வரும். பாய் மேலே வந்துவிட்டால் ஓரம் மட்டுமே தெரியும்.

பாய் என்றால் பத்தமடை நினைவுக்கு வரும். தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்து, மிக மெல்லிசாகக் கிழித்து, பருத்தி அல்லது பட்டு நூல் பாவில் நெய்யும் அந்தப் பாய் துணிபோல் மடியும். விலையும் அதற்கேற்ப இருக்கும். தினமும் உட்கார முசிறிப் பக்கத்துச் சாதாரணக் கோரைப்பாயே போதும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பனையோலைத் தடுக்கு இன்னும் மலிவு, ஒருவர் உட்காரும் அளவிலேயே கிடைக்கும். கோரை கோடையில் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம், அது உடலின் சூட்டைப் பிடித்து வைப்பதில்லை, வியர்வைக்கும் காற்றுக்கும் இடம் விடுகிறது. “இயற்கைத் தோற்றம்” என்று விற்கும் பிளாஸ்டிக் பாய் கண்ணுக்கு மட்டும் கோரை. பத்து நிமிடத்தில் கணுக்கால் அடியில் ஈரம் பூக்கும்.

புதிதாகத் தரை போடுகிறவர்களுக்கு மூன்று வழிகள். ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின்மேல் வார்க்கப்படுவது. சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துப் பதமாக்குகிறார்கள். காலடி பட்டுப் பட்டு மெருகேறும். பூ வேலைப்பாடுள்ளதைக் கூடத்துக்கு வையுங்கள், இங்கே ஒரே நிறம் போதும். சிவப்புக் காவித் தரை கைதேர்ந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும். இல்லையென்றால் விரிசலும் திட்டும்தான் மிஞ்சும். கடப்பாக் கல் கறுப்பு, குளிர்ச்சி, மலிவு, ஆனால் ஒளியை விழுங்கிவிடும். இருட்டான மூலைக்கு ஆகாது.

இருக்கைக்கு வருவோம். சம்மணமிட்டால் இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூன் விழும், கால் மரத்துப்போகும். அதற்கு நான்கு முதல் ஆறு அங்குல உயரம் தேவை. போடிப் பக்கத்து இலவம்பஞ்சைக் கெட்டியாக அடைத்த வட்டத் திண்டு நன்றாக இருக்கும். இலவம்பஞ்சு நாளடைவில் அமுங்கும். உறையில் ஒரு பக்கம் பிரித்துத் திணிக்க வழி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உயரம் நிற்க வேண்டுமானால் அடியில் இரண்டங்குல மணைப்பலகை ஒன்று வையுங்கள். பலா மரத்தில் கிடைத்தால் அதன் மஞ்சள் நிறம் ஆண்டுகள் போகப் போகக் கறுத்துச் சிவக்கும், பார்க்க இன்னும் அழகாகும்.

முழங்கால் வலியுள்ளவர்கள் தரையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சுவரோரம் 16, 17 அங்குல உயரத்தில் ஒரு குட்டித் திண்ணை கட்டி மேலே பாய் விரித்தால், பாதம் தரையில் படியும்படி அமரலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலிலேயே திண்ணையாகக் கட்டிவிடுவது என் கருத்தில் மேல். எல்லோருக்கும் ஒருநாள் முழங்கால் வலிக்கும்.

ஆறாம் படி: காற்றும் கொசுவும் ஓசையும்

நம் ஊரில் தியானத்தைக் கெடுப்பது மனத்தைவிடக் கொசுதான் என்று சொன்னால் மிகையில்லை. ஜன்னல்களுக்கு வலை போட்டாக வேண்டும். வலை ஒளியையும் காற்றையும் ஓரளவு குறைக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வலையைக் கழுவாமல் விட்டால் ஒரே ஆண்டில் தூசி அடைத்துக்கொண்டு துணி போலாகிவிடும்.

காற்று வர ஒரு திறப்பு, போக ஒரு திறப்பு. ஒன்று தாழ்வாகவும் மற்றது உயரத்திலும் இருந்தால் சூடான காற்று மேலே வெளியேறும். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். கோயம்புத்தூரில் ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும். உங்கள் ஊர்க் காற்று எந்தப் பக்கம் என்று மொட்டைமாடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெட்டிவேர்த் தட்டி பற்றி ஒரு சொல். நனைத்துக் கட்டினால் நீர் ஆவியாகும்போது வரும் காற்று குளிரும், மணக்கும். உலர் வெப்பமுள்ள வேலூர், திருச்சி, மதுரையில் இது அருமையாக வேலை செய்யும். ஏற்கெனவே காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் மணம் கிடைக்கும், குளிர்ச்சி அவ்வளவாகக் கிடைக்காது.

ஓசைக்கு ஒரு சோதனை: மூலையில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ‘டங்’கென்று உலோக ஒலி திரும்பி வந்தால் அறையில் கடினப் பரப்புகள் அதிகம். பாய், ஜமக்காளம், தொங்கும் துணி, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை அதைத் தணிக்கும். வெளிச் சத்தத்தை இவை தடுக்காது. அதற்குச் சுவரும் மூடிய ஜன்னலும்தான் வழி. அல்லது சத்தம் தொடங்குமுன் எழுந்துகொள்வது.

ஏழாம் படி: இருட்டிய பிறகு

சூரியன் உதிக்குமுன் உட்காருபவர்களுக்கும் மாலையில் உட்காருபவர்களுக்கும் விளக்கு வேண்டும். கூரை நடுவிலுள்ள ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கைகளின் நிழல் அறை முழுக்கத் துடிக்கும். அதைச் சகித்துக்கொண்டு எவரும் அமைதியாக இருக்க முடியாது. 2700 கெல்வின் என்று அட்டையில் எழுதியிருக்கும் மஞ்சள் நிற எல்இடி பல்பு ஒன்றை, பின்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாமல், சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். ஓட்டை போட்ட சுடுமண் கூடு ஒன்றுக்குள் வைத்தால் இன்னும் நல்லது. மூன்று வாட், நான்கு வாட் போதும்.

எண்ணெய் விளக்கின் ஒளிக்கு ஈடில்லை. நல்லெண்ணெயோ இலுப்பை எண்ணெயோ ஊற்றி, திரியைச் சிறிதாக வையுங்கள். திரி நீண்டால் புகை கக்கிச் சுவரில் கரி ஏறும். சுவரிலிருந்து ஒரு முழம், துணித்திரையிலிருந்து மூன்று முழம் தள்ளி வையுங்கள். பாயும் தட்டியும் இலவம்பஞ்சும் சூழ்ந்த மூலை எளிதில் தீப்பிடிக்கும் மூலை என்பதை மறக்கக் கூடாது. எழுந்து போகும்போது விளக்கை அமர்த்திவிட்டுப் போங்கள்.

ஊதுபத்தி, சாம்பிராணி புகைப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏசி போட்டு மூடிய அறையில் ஆழ்ந்து மூச்சிழுத்துப் பயிற்சி செய்துகொண்டே அந்தப் புகையைக் குடிப்பது நுரையீரலுக்குச் செய்யும் கொடுமை. மணம் வேண்டுமானால் மண்பானைத் தண்ணீரில் ஒரு பிடி வெட்டிவேரைப் போட்டுவையுங்கள்.

எட்டாம் படி: பொருள்கள், கடைசியாக

கண் ஒரே ஒரு பொருளில் நிற்கட்டும். ஒரு கல், ஒரு மண்குடம், ஒரு தெய்வ உருவம், ஒரு செடி, எதுவானாலும் சரி. இரண்டாவது பொருளை வைத்தவுடன் கண் இரண்டுக்கும் நடுவே நடக்கத் தொடங்கும். பூஜை அறையும் தியான மூலையும் ஒன்றாகவே இருக்கும் வீடுகளில், படங்கள் எல்லாம் ஒரு சுவரிலும் நீங்கள் பார்க்கும் சுவர் வெறுமையாகவும் இருக்கும்படி திரும்பி உட்காரலாம்.

ஒன்றிரண்டு தொட்டிச் செடிகள் அறைக் காற்றைத் தூய்மையாக்கிவிடும் என்பது நர்சரிக்காரர் பேச்சு. அறை அளவில் அந்தப் பலன் தெரியாது. பச்சை பிடிக்கும் என்றால் வையுங்கள். தொட்டியில் நீர் தேங்கினால் கொசுவுக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். மின்சார நீரூற்றுக்கும் இதே கதை, கூடவே மோட்டாரின் ரீங்காரம். கைப்பேசி, கடிகாரம் இரண்டும் மூலைக்கு வெளியே. நேரம் பார்க்க வேண்டுமென்றால் எதிர்ச்சுவரில் நகரும் ஒளிக்கட்டத்தின் விளிம்பே போதும், நீங்கள்தான் ஏற்கெனவே கோடு போட்டிருக்கிறீர்களே.

பருவம் மாறும்போது

ரமணர் 1899 முதல் 1916 வரை திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் இருந்தார். ஆனால் கோடை மாதங்களில் மலையில் சற்றுத் தள்ளியுள்ள மாமரக் குகைக்கு மாறிவிடுவது வழக்கமாக இருந்தது. கோடையில் விரூபாட்ச குகைப் பக்கம் நீர் கிடைப்பது அரிது. அவருக்கே இரண்டு இடம் தேவைப்பட்டது என்றால் நமக்கு ஒரே மூலை ஆண்டு முழுக்கச் சரிப்பட வேண்டும் என்று பிடிவாதம் எதற்கு? கோடைக்கு வடக்குப் பக்கமும் மார்கழிக்குக் கிழக்கு ஜன்னலோரமும் என்று பாயைச் சுருட்டி எடுத்துப் போகலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது இயல்பாகவே வாய்த்த வசதி: பாய், திண்டு, மணை, காடா துணி, மூங்கில் தட்டி ஆகிய ஐந்தும் ஒரே ஆட்டோவில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இயற்கைப் பொருள்கள் அனைத்தும் ஈரம் வாங்கும். பாயைத் தரையிலேயே விட்டுவைக்காமல் தினமும் சுருட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள். மடிக்கக் கூடாது, கோரை முறியும். சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை தெரிந்தால் உலர்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் சிறிது நேரம் வைத்தால் போதும், உச்சி வெயிலில் காயப்போட்டால் நொறுங்கும். இலவம்பஞ்சுத் திண்டுக்கு மட்டும் நல்ல வெயில் வேண்டும். மூங்கில் தட்டியின் அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்து கிடந்தால் வண்டு துளைக்கிறது என்று பொருள். வாங்கும்போதே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. இல்லையென்றால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தட்டியை மாற்ற வேண்டியிருக்கும். சுண்ணாம்புச் சுவருக்குப் பொங்கலுக்கு முன் ஒரு பூச்சு. மழை ஓய்ந்து சுவர் உலர்ந்திருக்கும், வீட்டுக்கு எப்படியும் வெள்ளையடிக்கும் நேரம் அது.